பனிக்கட்டியில் பிடிக்கும் சோல்: ரொறன்ரோவின் பனிப்பூ மதிப்பீடும் அதைப் பார்த்து வாங்கிய சப்பாத்தும்

ரொறன்ரோவில் நவம்பர் பிறந்துவிட்டால், ‘வழுக்காது’ என்று எழுதப்படாத சப்பாத்துப் பெட்டியைக் கடைகளில் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்த உறுதிமொழிகளுக்கு நடுவே, சில சப்பாத்துகளில் மட்டும் ஒன்று முதல் மூன்று வரையான பனிப்பூக்கள் அச்சிட்ட சிறு அட்டை தொங்கும். அது விற்பவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டமன்று. ரொறன்ரோ புனர்வாழ்வு மருத்துவமனையைச் சேர்ந்த கைற் ஆய்வு நிறுவனம், உண்மையான பனிக்கட்டியின் மேல் மனிதரை நடக்கவிட்டுப் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண் அது. ‘ரேற் மை ட்ரெட்ஸ்’ என்ற பெயரில் 2016 நவம்பரில் தொடங்கிய அந்த மதிப்பீட்டுச் சேவையையும், அதைப் பார்த்து நான் வாங்கி அணிந்துவரும் ஒரு சோடிச் சப்பாத்தையும் பற்றியதே இந்த மதிப்புரை. சப்பாத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் பேசப்போகும் நிறைகுறைகளிற் பெரும்பாலானவை அந்த வகைச் சோலுக்கே உரியவை. என் முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம்: பனிப்பூவை நம்பி வாங்கலாம், ஆனால் அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை அறிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சாதாரணமாக ஒட்டப்படும் ‘வழுக்காது’ என்ற குறிக்குப் பின்னால் சோதனையே இல்லை என்று சொல்ல முடியாது. சோதனை இருக்கிறது, ஆனால் அது வேறொரு தரைக்கான சோதனை. உணவக அடுக்களையிலும் தொழிற்சாலையிலும் அணியும் பாதுகாப்புச் சப்பாத்துகளுக்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் எஸ்ஆர்ஏ, எஸ்ஆர்பி, எஸ்ஆர்சி என்ற மூன்று குறிகள் வழங்கின. முதலாவது, சவர்க்காரக் கரைசல் ஊற்றிய பீங்கான் ஓட்டின் மேல் தேறியதைக் குறிக்கும். இரண்டாவது, கிளிசரின் பூசிய உருக்குத் தகட்டின் மேல் தேறியதைக் குறிக்கும். இரண்டிலும் தேறியது மூன்றாவது. 2022 இல் திருத்தப்பட்ட தரம் இம்மூன்றையும் நீக்கிவிட்டுச் சவர்க்காரச் சோதனையை எல்லாச் சப்பாத்துக்கும் பொதுவாக்கியது. கிளிசரின் பூசிய பீங்கான் ஓட்டிலும் தேறுபவற்றுக்கு எஸ்ஆர் என்ற குறியைக் கொடுத்தது. பழையதிலோ புதியதிலோ பனிக்கட்டி எங்கும் வரவில்லை. ஆகவே எண்ணெய் சிந்திய அடுக்களையில் ஒருவரைப் பத்திரமாக வைத்திருந்த சப்பாத்து, வேலை முடிந்து அவர் வெளியே வந்து பேருந்துத் தரிப்பிடத்தில் கால் வைத்ததும் கைவிடுவதில் வியப்பொன்றும் இல்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தரையின் இயல்பில் இருக்கிறது. ஓட்டின் மேல் கிடக்கும் எண்ணெயையோ நீரையோ சோலின் பள்ளங்கள் பக்கவாட்டில் வடித்துவிட்டால், அதற்குக் கீழே கடினமான, நுண்ணிய சொரசொரப்புள்ள ஓடு இறப்பருக்குக் கிடைத்துவிடும். பனிக்கட்டியில் நீரை வடித்தாலும் கீழே கிடைப்பது மீண்டும் பனிக்கட்டிதான். அதன் மேற்பரப்பில் இறுக்கமின்றி அசையும் ஒரு மெல்லிய படலம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பு நீரைப் போன்ற ஒரு படலத்தைத் தாங்கியிருக்கிறது என்று மைக்கல் ஃபாரடே 1850 இலேயே வாதிட்டார். மனிதரின் எடை அழுத்துவதால் பனிக்கட்டி உருகி வழுக்குகிறது என்ற விளக்கம் பள்ளிக்கூடங்களில் இன்னமும் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டால் அது நிற்காது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சப்பாத்தணிந்து நிற்கும்போது ஏற்படும் அழுத்தம், பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு கூட இறக்காது. மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள படலமும், சறுக்கும்போது உராய்வால் பிறக்கும் வெப்பமுமே முதன்மையான காரணங்கள். வெப்பநிலை பூச்சியத்தை நெருங்க நெருங்க அந்தப் படலம் தடிப்பதால், கடும் குளிர் நாளைவிடப் பகலில் சற்று உருகி மாலையில் உறையத் தொடங்கும் நாளே நடப்பவருக்குக் கொடியது. ரொறன்ரோவின் குளிர்காலம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். உப்புத் தூவிய நடைபாதையில் பகலெல்லாம் ஓடும் நீர், இரவில் கண்ணுக்கே தெரியாத கறுப்புப் பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும்.

கைற் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தின் பெருமை, இந்த நிலைமைகளையே உள்ளே கொண்டுவந்ததில் இருக்கிறது. பல்கலைக்கழக அவென்யூவிலுள்ள மருத்துவமனைக்கு அடியில், நீரியல் விசையால் எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய ஒரு மேடையின் மேல், தரை முழுவதும் பனிக்கட்டியாலான அறையொன்றை அமைத்திருக்கிறார்கள். பாதுகாப்புப் பட்டையில் தொங்கியபடி ஒருவர் புதிய சப்பாத்தணிந்து அந்தத் தரையில் மேலும் கீழும் நடப்பார். அவர் நடக்க நடக்க அறையின் சாய்வு பாகை பாகையாகக் கூட்டப்படும். எந்தச் சாய்வு வரை வழுக்காமல் நடக்கிறாரோ அதுவே அந்தச் சப்பாத்தின் மதிப்பெண். உலர்ந்த குளிர் பனிக்கட்டியிலும், மேலே நீர் படர்ந்த ஈரப் பனிக்கட்டியிலும் தனித்தனியே இது நடக்கிறது. ஏற்றமும் இறக்கமும் தனித்தனியே பார்க்கப்படுகின்றன. சப்பாத்தை ஒரு இயந்திரத்தில் பூட்டிப் பனிக்கட்டியின் மேல் இழுத்து விசையை அளக்கும் முறைகளும் உலகில் உண்டு. அவை மலிவானவை, விரைவானவை. ஆனால் இயந்திரம் அடியெடுத்து வைக்கும் விதத்தை மாற்றாது. மனிதர் வழுக்கப்போகிறது என்று உணர்ந்த கணமே எட்டைச் சுருக்குவார், முழங்காலை மடக்குவார், பாதத்தைத் தட்டையாக வைப்பார். அவரை நடக்கவைத்துப் பார்ப்பதே நேர்மையான அளவு என்று நான் கருதுகிறேன்.

மதிப்பெண்ணின் படிகள் இவை: குறைந்தது 7 பாகைச் சாய்வில் நடக்க முடிந்தால் ஒரு பனிப்பூ, 11 பாகைக்கு இரண்டு, 15 பாகைக்கு மூன்று. இதில் 7 என்ற எண், நடைபாதை ஓரத்தில் வீதிக்கு இறங்கும் சரிவுகளுக்கு ஒன்ராறியோவின் அணுகல் விதிகள் அனுமதிக்கும் எட்டுக்கு ஒன்று என்ற உச்சச் சாய்விலிருந்து வந்தது. வாங்குபவர் இந்த எண்களை உராய்வுக் கெழுவாக, அதாவது சோல் தரையை எவ்வளவு பற்றுகிறது என்பதைக் காட்டும் எண்ணாக, மாற்றிப் பார்ப்பது நல்லது. 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நிற்பதற்கே ஏறத்தாழ 0.12 தேவை, 11 பாகைக்கு 0.19, 15 பாகைக்கு 0.27. சமதளத்தில் வழக்கமான வேகத்தில் நீட்டி நடக்கும் ஒருவருக்குத் தேவைப்படுவதோ 0.2 அளவில். எனவே ஒரு பனிப்பூ என்பது, வெறும் தரையில் நடப்பதுபோல் பனிக்கட்டியில் நடந்து போகலாம் என்ற அனுமதி அன்று. எட்டைச் சுருக்கிக் கவனமாக நடப்பவரை அது காப்பாற்றும், அவ்வளவுதான். மூன்று பனிப்பூ வாங்கிய சோல்தான் மறந்துபோய் வேகமாக நடப்பவரையும் ஓரளவு தாங்கும்.

இந்தச் சோதனையின் முதல் முடிவுகள் 2016 இல் வந்தபோது, சந்தையில் வாங்கப்பட்ட 98 வகைச் சப்பாத்துகளில் பத்தில் ஒரு பங்கு கூட ஒரு பனிப்பூவை எட்டவில்லை. விலையுயர்ந்தவை, தடித்தவை, துருவப் பயணத்துக்கே செய்தவை போலத் தோற்றமளித்தவை எல்லாம் 7 பாகைக்கு முன்பே வழுக்கின. சோலைத் திருப்பிப் பார்த்து, பள்ளம் எவ்வளவு ஆழம் என்று விரலால் அளந்து வாங்கும் நம்முடைய பழக்கம் அன்றோடு காலாவதியாகியிருக்க வேண்டும். ஆழமான புடைப்புகள் தளர்ந்த பனிக்குள் இறங்கி அதைப் பற்றிக்கொள்ளும், சேற்றிலும் அப்படியே. இறுகிய பனிக்கட்டிக்குள் இறப்பரால் இறங்க முடியாது. அங்கே வேண்டியது, தரையைத் தொடும் பரப்பு கூடுதலாக இருப்பதும், அந்தப் பரப்பின் பொருள் குளிரிலும் இளகியிருப்பதும். ஆழப் பள்ளமுள்ள சோலில் பாதிக்கு மேற்பட்ட இடம் தரையைத் தொடுவதே இல்லை. மேலும் அந்தப் பள்ளங்களில் பனி அடைத்து இறுகிவிட்டால், பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டியையே கட்டிக்கொண்டு நடப்பதாக ஆகிவிடும். பிவிசி போன்ற மலிவான பிளாஸ்ரிக் சோல்கள் குளிரில் விறைத்துப் பலகையாகிவிடுவதும் சேர்ந்துகொள்கிறது. குளிர்கால ரயரை மற்ற ரயரிலிருந்து வேறாக்குவது பெரும்பாலும் அதன் இறப்பர்க் கலவையே என்பது கனடாவில் வண்டி ஓட்டுபவர் எல்லாருக்கும் தெரியும். கால் என்று வரும்போது மட்டும் எப்படியோ அது மறந்துபோகிறது.

மெல்லிய நீர்ப் படலத்தைத் துடைக்க ஆழமற்ற நுண்கீறல்களும் உதவும். பாய்மரப் படகுகளில் அணியும் சப்பாத்தின் சோலில் காணப்படும் அலையலையான கீறல்களுக்கு மூலகாரணம் ஒரு நாய். அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தைச் சேர்ந்த பால் ஸ்பெரி, தம் நாய் பனிக்கட்டியின் மேல் தடுமாறாமல் ஓடுவதைக் கண்டு அதன் பாதத்திலுள்ள வெடிப்புகளைப் பார்த்து, இறப்பர்த் துண்டொன்றில் கத்தியால் கீறிச் சோதித்தார். 1935 இல் அது விற்பனைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், பனிக்கட்டியைப் பார்த்துப் பிறந்த அந்த வடிவம் நிலைபெற்றது நனைந்த கப்பல் தளத்தில்தான்.

அந்த 98 இல் தேறியவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்தது சோலின் கலவை. இளகிய இறப்பருக்குள் அதைவிடப் பல மடங்கு கடினமான நுண்ணிய நார்களையோ மணிகளையோ கலந்து, அவற்றின் முனைகள் மேற்பரப்பில் சற்றே துருத்திக்கொண்டிருக்கும்படி செய்யப்பட்ட சோல்கள் அவை. இறப்பர் பனிக்கட்டியின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப நெளிந்து படியும்; கடின முனைகள் பனிக்கட்டியை மிக நுண்ணிதாகக் கீறிப் பற்றிக்கொள்ளும். கைற் குழுவினரே 2015 இல், இளகிய பொலியூரித்தேனுக்குள் கண்ணாடி நார்களைச் செங்குத்தாக நிறுத்திய ஒரு கலவையைச் செய்து, ஈரப் பனிக்கட்டியில் அது காட்டும் உராய்வை வெளியிட்டிருக்கிறார்கள். கடைகளில் கிடைப்பவற்றுள் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஒன்று இத்தாலியின் வீப்ரம் நிறுவனத்தின் ‘ஆர்க்டிக் கிரிப்’. மலையேற்றத்தில் நண்பர்கள் ஆறு பேரை இழந்த வித்தாலே பிரமானி, ஆணியடித்த தோல் சோலுக்கு மாற்றாக 1937 இல் ஆழப் புடைப்புகள் கொண்ட இறப்பர் சோலைக் கொண்டுவந்த அதே நிறுவனம் இது. ஆழமான சோல்தான் பிடிக்கும் என்ற எண்ணத்தை உலகுக்கு ஊட்டியவர்களே, ஈரப் பனிக்கட்டி என்று வந்ததும் வடிவத்தை விட்டுக் கலவைக்குத் திரும்பியிருப்பது கவனிக்கத்தக்கது. மற்றது ‘கிரீன் டயமண்ட்’. கடின மணிகளை இறப்பரின் முழுத் தடிப்பிலும் கலந்துவிடுவதால், மேற்பரப்பு தேயத் தேயப் புதிய மணிகள் வெளிப்படும் என்பது அதைச் செய்பவர்கள் தரும் விளக்கம்.

நான் வாங்கியது இந்தக் கலவை வகையைச் சேர்ந்த, கணுக்காலுக்கு மேல் வரும் சப்பாத்து. விலை வரியோடு இருநூறு டொலருக்குச் சற்றுக் கீழே. சோலைத் தடவினால், சாதாரண இறப்பர்ப் புடைப்புகளுக்கு நடுவே உப்புத்தாள் போன்ற சொரசொரப்புடன் சாம்பல் நிறத் திட்டுகள் விரலில் தட்டுப்படும். வேலை செய்வது அந்தத் திட்டுகள்தான். ஈரப் பனிக்கட்டியில் இதன் வேறுபாட்டை முதல் அடியிலேயே உணரலாம். அடுக்குமாடிக் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில், மதிய வெயிலில் உருகி மேலே நீர் மின்னும் பனிக்கட்டியின் மேல் கால் ஊன்றும்போது, வழுக்கு தொடங்கி உடனே நின்றுவிடுவது போன்ற ஓர் இழுப்பு சோலில் தெரிகிறது. ஏற்றத்தில் இது மிக நன்று. இறக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. அதற்குக் காரணம் வடிவமைப்பில் இருக்கிறது என்பது என் கருத்து.

நடக்கும்போது பெரும்பாலான வழுக்கல்கள், குதிகாலின் பின்விளிம்பு தரையைத் தொட்ட உடனே, உடலின் எடை அந்தக் காலுக்கு மாறத் தொடங்கும் கணத்தில்தான் நிகழ்கின்றன. அப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது முழுச் சோல் அன்று. இரண்டு விரல் அகலமே உள்ள பின்விளிம்பு. எனவே விலையுயர்ந்த கலவைத் திட்டு முதலில் அங்கே இருக்க வேண்டும். அந்த விளிம்பு கூராக நிற்காமல் சற்றுச் சரிவாகச் சீவப்பட்டிருந்தால் தொடும் பரப்பும் கூடும். நான் வாங்கிய சப்பாத்தில் முன்பாதத்தின் கீழ் இரண்டு பெரிய திட்டுகள் தாராளமாக இருக்கின்றன. குதிகாலில் உள்ளதோ பின்விளிம்புக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் முன்னால் தொடங்குகிறது. விளிம்பில் வெறும் இறப்பர். சரிவில் இறங்கும்போது இந்த ஒரு சென்ரிமீற்றரின் இழப்பை ஒவ்வொரு அடியிலும் உணர வேண்டியிருக்கிறது. கடையில் சப்பாத்தைத் தேர்பவர்கள் பனிப்பூவை எண்ணிய பிறகு, திட்டு குதிகாலின் எந்த இடம் வரை வருகிறது என்பதையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

உலர்ந்த, மிகக் குளிர்ந்த பனிக்கட்டியில் வேறுபாடு குறைவு. நல்ல இளகிய இறப்பர் சோலும் அங்கே ஓரளவு பிடிக்கிறது. பனி மூடிய பனிக்கட்டியில் எதுவும் பயனில்லை. திட்டுகளும் பனிக்கட்டியும் ஒன்றையொன்று தொடுவதற்கு நடுவே பனி நின்றுவிடுகிறது. வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ நுழைந்து, உருகிய நீர் கிடக்கும் வழவழப்பான ஓட்டுத் தரையில் நடக்கும்போது, இது மற்றச் சப்பாத்துகளைவிட மேலானது அன்று. பனிப்பூ மதிப்பீடு இந்தத் தரையை அளப்பதில்லை. குளிர்காலத்தில் விழுபவர்கள் எல்லாரும் வெளியில்தான் விழுகிறார்கள் என்றும் இல்லை.

இனித் தேய்மானம். பிடிமானத்துக்கு இறப்பர் இளகியிருக்க வேண்டும். இளகிய இறப்பர் காங்கிரீற்றில் விரைவாகத் தேயும். இந்த முரண்பாட்டிலிருந்து எந்த வடிவமைப்பாளரும் முற்றாகத் தப்பவில்லை. நகரத்து நடைபாதைகள் குளிர்காலத்தின் பெரும்பகுதி உப்புத் தூவி வெறுமையாகவே கிடப்பதால், பனிக்கட்டிக்காக வாங்கிய சோல் தன் ஆயுளில் பெரும்பங்கைக் காங்கிரீற்றின் மேல்தான் கழிக்கிறது. என் சப்பாத்தில் இரண்டாம் குளிர்காலத்தின் நடுப்பகுதியிலேயே குதிகால் திட்டின் சொரசொரப்பு மங்கிவிட்டது. முன்பாதம் இன்னும் நன்றாக இருக்கிறது. கலவைச் சோல்கள் அணிய அணியப் பிடிமானத்தை இழப்பதைக் கைற் குழுவினரின் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் அட்டையிலுள்ள பனிப்பூக்கள் புதிய சப்பாத்துக்கு உரியவை. ஓராண்டு அணிந்த பின் அதே சப்பாத்து எத்தனை பாகை தாங்கும் என்பதை அந்த அட்டை சொல்வதில்லை. மதிப்பீட்டு முறையில் நான் காணும் பெருங்குறை இதுதான். தேய்த்த பிறகும் ஒருமுறை சோதித்து இரண்டாவது எண்ணொன்றை அச்சிட்டால், ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் மினுக்கும் சோல்களையும் நின்று உழைக்கும் சோல்களையும் வாங்குபவர் பிரித்தறியலாம்.

சோலை மாற்றாமலே தீர்வு காண விரும்புவோருக்கு, சப்பாத்தின் மேல் இழுத்து மாட்டும் கம்பிச் சுருள்களும் முள் பட்டைகளும் இருக்கின்றன. விலை இருபது முப்பது டொலரிலிருந்து தொடங்கும். வெளியே தடித்த பனிக்கட்டியில் இவை எந்தக் கலவைச் சோலையும் வென்றுவிடும். சிக்கல் வாசலில் வருகிறது. பேரங்காடியின் பளிங்குத் தரையிலோ சுரங்க ரயில் நிலையத்தின் ஓட்டிலோ உலோக முள்ளோடு கால் வைப்பது பனிக்கட்டியில் வெறுஞ்சோலோடு நடப்பதைப் போலவே ஆபத்தானது. ஆகவே ஒவ்வொரு வாசலிலும் குனிந்து கழற்ற வேண்டும், வெளியேறும்போது குனிந்து மாட்ட வேண்டும். என் அம்மாவைப் போல முழங்கால் மடங்காத வயதினருக்கு இது சொல்லளவில் மட்டுமே தீர்வு. யாருக்கு விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் அபாயம் அதிகமோ, அவர்களாலேயே இதைப் பயன்படுத்த முடிவதில்லை. சுவீடனின் ஐஸ்பக் நிறுவனம், கடினத் தரையில் அழுத்தும்போது சற்று உள்ளே தள்ளப்படும் முள்களைச் சோலிலேயே பதித்துத் தருகிறது. காட்டுப் பாதையில் ஓடுபவர்களுக்கு அது சிறந்தது. நாளெல்லாம் வெளியும் உள்ளுமாக அலைபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படி அலைபவர்களில் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிக்கும் பணியாளர்கள் முதன்மையானவர்கள். ஸ்காபரோவில் அந்த வேலையில் நம்மவர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள். விடியுமுன் உப்புத் தூவாத நடைபாதையில் இறங்கி, பிறர் வீட்டு வாசற்படியில் ஏறி, உள்ளே போய் மீண்டும் வெளியேறி அடுத்த பேருந்தைப் பிடிப்பவருக்கு, கழற்றி மாட்டும் முள்பட்டை ஒத்துவராது. இத்தகைய பணியாளர்களிடமே கைற் குழு நடத்திய ஆய்வொன்றில், கலவைச் சோல் அணிந்தவர்கள் தங்கள் வழக்கமான சப்பாத்தை அணிந்தவர்களைவிடக் குறைவாக வழுக்கினார்கள், குறைவாக விழுந்தார்கள். ஆய்வுகூடத்துச் சாய்வுப் பாகை வீதியிலும் பொருள் உடையது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று அதுவே. வேலைக்கான கருவியாகக் கருதி முதலாளிகளே இதை வாங்கிக் கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன். இருநூறு டொலர் அந்த ஊதியத்தில் சிறிய தொகை அன்று.

மதிப்பீட்டுப் பட்டியலைப் பயன்படுத்துவது எளிது. ஆண், பெண், அன்றாடப் பாவனை, தொழிற்பாவனை என்று பிரித்துத் தேடலாம். ஆனால் சப்பாத்து நிறுவனங்கள் ஆண்டுதோறும் மாதிரிகளை மாற்றுவதால், பெயர் ஒன்றாயிருந்தும் சோல் வேறாகிவிடுவது உண்டு; பட்டியலிலுள்ள முழுப் பெயரையும் பெட்டியிலுள்ளதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது அவசியம். பனிப்பூ வெப்பத்தைப் பற்றியோ, எடையைப் பற்றியோ, நீர் புகுமா என்பதைப் பற்றியோ எதுவும் சொல்லாது. என் சப்பாத்து பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிருக்கென விற்கப்பட்டது. அதனாலேயே கனமானது, பேருந்துக்குள் கால் வியர்க்கிறது.

இரண்டு பனிப்பூவுக்குக் குறைந்த எதையும் வயதானவர்களுக்கு வாங்க மாட்டேன். இளையவர்களுக்கு ஒன்று போதும், எட்டைச் சுருக்கி நடக்கப் பழகியிருந்தால். வாங்குவதை நவம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது. நான் பார்த்தவரையில் சனவரித் தள்ளுபடி வரும் நேரத்தில் கடைகளில் எஞ்சியிருப்பவை ஆழப் பள்ளமுள்ள, பனிப்பூ இல்லாத சப்பாத்துகளே. என் சோடியை அடுத்த குளிர்காலத்தில் குதிகால் திட்டுக்காக மாற்றவேண்டி வரும். அப்போதும் கலவைச் சோலையே வாங்குவேன், திட்டு பின்விளிம்பு வரை வரும் வேறொரு மாதிரியில்.